படத்தில் முதலில் பிள்ளை தெரியட்டும்

அன்புள்ள லண்டன் தமிழ்ப் பெற்றோருக்கும், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி ஸ்ரூடியோவுக்கு வரும் அப்பம்மா, அம்மம்மா, தாத்தாமாருக்கும்,

ஹரோ, ஈஸ்ட்ஹாம், ரூட்டிங், குரொய்டன் என்று இந்த நகரத்தின் எல்லாப் பக்கமும் இருக்கிற எங்கள் வீடுகளுக்குப் பிள்ளைகளின் உருவப்படம் எடுப்பது என் தொழில். கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் கமரா வானத்தில் பறக்கிற காலம் இது. அப்படியிருந்தும், பிள்ளையைத் தனியே இருத்தி, அமைதியான பின்னணியில் ஒரே ஒரு நல்ல படம் எடுத்து, சட்டம் போட்டு முன் அறையில் மாட்ட வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. அந்தப் படம் நாங்கள் எல்லோரும் போன பிறகும் இருக்கப்போவது. ஆகவே அதற்குப் பிள்ளைக்கு என்ன உடுத்துவது என்று உங்களோடு மனம்விட்டுப் பேச விரும்புகிறேன்.

வருகிற பிள்ளைகளில் பலர் வாசலிலேயே களைத்துப்போய் நிற்கிறார்கள். இரண்டு வயதுப் பெண்பிள்ளைக்குக் கல்லும் சரிகையுமாய் ஒரு லெகங்கா, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், இரண்டு கையிலும் முழங்கை வரை காப்பு. வளர்ந்த பிறகும் போடட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியது; முதுகுப் பக்கம் ஊசிகளால் இழுத்துப் பிடித்திருக்கும். நாலு வயதுப் பெடியன் கழுத்துவரை பொத்தான் போட்ட ஷெர்வானிக்குள் தலையைத் திருப்ப முடியாமல் நிற்பான். புதுச் சப்பாத்து கடிக்கும். அழுகை வரும். அழுத கண்ணைத் துடைத்துவிட்டுச் சிரிக்கச் சொல்வோம். அந்தச் சிரிப்பு யாருடையது என்று பிள்ளைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இது உங்கள் அன்பின் குறைவால் நடப்பதில்லை; அன்பு பெருகித்தான் நடக்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை நான் அறிவேன். 1995 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் யுத்தத்துக்குப் பயந்து மழைக்குள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டபோது, அலுமாரிக்குள் இருந்த அல்பங்களை எத்தனை பேரால் தூக்கிக்கொண்டு வர முடிந்தது? 2009இல் வன்னியிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர்கள் கையில் என்ன இருந்தது? இன்று லண்டனில் பிள்ளை வளர்க்கிற தாய் தகப்பன்மாரில் பலரிடம் தங்கள் பத்து வயதுக்கு முந்திய ஒரு படம்கூட இல்லை. இருக்கிறவர்களிடமும் அது இருப்பதற்குக் காரணம், யாரோ ஒரு மாமாவுக்கோ சித்திக்கோ அந்தக் காலத்தில் கடிதத்தோடு வைத்து அனுப்பிய பிரதி அவர்கள் வீட்டில் தப்பிக் கிடந்ததுதான். ஒன்றுமே மிஞ்சாத ஒருவர் தன் பிள்ளையின் படத்தில் எல்லாவற்றையும் சேர்த்துவிட நினைப்பது எனக்கு விளங்குகிறது. அதை மதிக்கிறேன்.

ஆனாலும், அப்படித் தப்பிய படத்தைக் கையில் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அதில் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள்? விழுந்த முன்பல்லை. முழங்காலில் இருக்கிற காயத் தழும்பை. ஒரே துணியில் அம்மா வெட்டித் தைத்து மூன்று சகோதரிகளுக்கும் போட்ட சட்டையை. அந்தச் சட்டையின் விலையை யாரும் நினைப்பதில்லை. அதைத் தைத்த கையைத்தான் நினைக்கிறார்கள்.

அலங்காரம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பிள்ளையை அலங்கரித்துப் படம் எடுப்பது எங்கள் வழக்கம், அதுவும் அழகான வழக்கம். மொட்டை அடிப்பதற்கு முன் ஆண்பிள்ளைக்கும் பின்னல் பின்னிப் பூ வைத்து, பாவாடை சட்டை போட்டு, சங்கிலி அணிவித்து ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கூட்டிப்போகும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. பெண்பிள்ளைக்குப் பூச்சடை தைத்து, முதுகுப் பக்கமும் தெரியும்படி நிலைக்கண்ணாடி வைத்து எடுத்த படங்களை எங்கள் பாட்டிமார் எல்லோரும் அறிவார்கள். தமிழ்நாட்டுப் பழைய ஸ்ரூடியோக்களில் அழிந்துகொண்டிருந்த இத்தகைய குடும்பப் படங்களைத் தேடி மின்பதிவு செய்யும் பணியைப் புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்தது. அதற்கு உதவியது இங்கே செயின்ற் பாங்கிராஸில் இருக்கிற பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம். எங்கள் பாட்டிமார் காலத்துப் படங்களை இந்த நகரத்து நூலகம் ஒன்று காக்கத் தக்கவை என்று கருதியது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அந்த அலங்காரங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. நாளை முடி போகப்போகிறது என்பதால் இன்று அந்த முடிக்குப் பூ. சடங்கு நடந்தது, அதற்கு உடுத்தினார்கள், உடுத்தியதைப் படம் எடுத்தார்கள். இப்போது படத்துக்கென்றே ஒரு உடுப்பை இணையத்தில் வாங்கி, படம் எடுத்து முடிந்ததும் பையில் போட்டுத் திருப்பி அனுப்புகிறோம். பிள்ளையின் வாழ்க்கையில் அந்த உடுப்புக்கு ஒரு மணித்தியாலம்கூட இடம் இல்லை. என் மனக்குறை அதில்தான்.

படத்தில் பிள்ளையின் உடுப்பைப் பற்றிய கவலை இந்த ஊருக்கும் பழசு. 1635இல் அரசர் முதலாம் சார்ள்ஸின் மூத்த பிள்ளைகள் மூவரையும் அன்ரனி வான் டைக் லண்டனில் வரைந்தார். ஐந்து வயது இளவரசனுக்கு அப்போது பாவாடை போன்ற நீண்ட அங்கி. அந்தக் காலத்தில் சின்னப் பெடியன்களுக்கும் அதுதான் உடுப்பு. படத்தைப் பார்த்த அரசருக்குக் கோபம் வந்ததாம். சின்னப் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கட்டும் ஏப்ரன்களை ஓவியர் போடாமல் விட்டதுதான் காரணம். அந்த ஓவியம் இத்தாலியில் தூரின் நகருக்கு, அரசியின் சகோதரிக்கு அனுப்பப்பட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு வான் டைக் வரைந்த மற்றொரு ஓவியத்தில் இளவரசன் காற்சட்டை போட்ட பெடியனாக நிற்கிறான். ஏப்ரன் இல்லாததை ஒரு குறையாக இன்று யாரும் காண்பதில்லை. அந்த ஐந்து வயது முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கிறீனிச்சுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் பாதுகாக்கும் ஒரு சின்ன மாலுமி உடுப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1846இல் விக்ரோறியா மகாராணியின் மகன் அல்பேர்ட் எட்வேர்ட்டுக்கு, அப்போது நாலு வயது, அரச கப்பலில் பயணம் போனபோது கப்பல் தையற்காரர் ஒருவர் தைத்துக் கொடுத்தது. அதை உடுத்த கோலத்தில் ஓவியர் வின்ரர்ஹால்ரர் அவனை வரைந்தார். அந்தப் படத்துக்குப் பிறகுதான் மாலுமி உடுப்பு உலகம் முழுவதும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது. இவ்வளவு புகழ் பெற்ற அந்த உடுப்பு பட்டும் இல்லை, பொன்னும் இல்லை. கப்பலில் கண்ட மாலுமிகள் போட்டிருந்ததைப் போலவே ஒரு பிள்ளைக்கு அளவாகத் தைத்த வெள்ளைத் துணி. தோளும் இடுப்பும் சரியாகப் பொருந்தியதால் அவன் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி இயல்பாக நிற்கிறான். உடுப்பு தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் அதைத்தான்: பிள்ளையால் அதை உடுத்தபடி குந்தி இருக்க முடியுமா, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியுமா. முடியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் அது படத்துக்கு உதவாது.

என் தொழிலில் நான் மிகவும் மதிக்கிறவர் யூலியா மார்கரெட் கமெரோன். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் நாற்பத்தெட்டு வயதில் கமராவைக் கையில் எடுத்து, கடைசியில் இலங்கைக்குப் போய் 1879இல் அங்கேயே இறந்தவர். 1864 ஜனவரியில் எடுத்த ஒரு சிறுமியின் படத்தைத்தான் அவர் தன் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார். ஆனி என்ற அந்தப் பிள்ளை பொத்தான் போட்ட சாதாரண மேலங்கியோடு, தலைமுடி கொஞ்சம் கலைந்தபடி, ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். இதே கமெரோன் பிள்ளைகளுக்கு அன்னச் சிறகுகளைக் கட்டி, தேவதூதர்களாக்கி எடுத்த படங்களும் உண்டு. அவற்றில் என் கண் முதலில் சிறகுக்குத்தான் போகிறது. ஆனியின் படத்தில் ஆனியிடம் போகிறது. சவுத் கென்சிங்ரனில் உள்ள விக்ரோறியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகம் 1865இலேயே அவருடைய படங்களை வாங்கத் தொடங்கிவிட்டது.

அவருக்குப் பிந்திய தலைமுறையில், மேஃபெயார் டோவர் வீதியில் மார்கஸ் அடம்ஸ் என்பவர் பிள்ளைகளுக்கென்றே ஒரு ஸ்ரூடியோ நடத்தினார். பிள்ளைகள் மிரளாமல் இருக்கக் கமராவை விளையாட்டுப் பெட்டி போன்ற அலுமாரிக்குள் மறைத்து வைப்பாராம். 1926 டிசெம்பரில் எட்டு மாதம்கூட நிறையாத எலிசபெத் இளவரசியை அவர் எடுத்தார்; பிறகு பல ஆண்டுகள் அந்தக் குடும்பமே அவரிடம் வந்தது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். மென்மையான வெள்ளைச் சட்டை, கழுத்தில் சின்ன மாலை. அவ்வளவுதான். அரச குடும்பத்திடம் இல்லாத நகையா? வீட்டில் இருந்தும் பிள்ளைமேல் ஏற்றவில்லை.

இனி நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். பழைய யாழ்ப்பாணத்துப் படங்களில் அப்பாச்சியின் சிவப்புக் கூறை கன்னங்கரேல் என்று இருக்கும். நீலச் சட்டை வெளுத்துப்போய் இருக்கும். அந்தக் காலத்துக் கமராவில் வைத்த தகடுகள் நீலத்தைக் கண்டன, சிவப்பைக் காணவில்லை. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகளை 1906இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது ராற்றன் அன்ட் வெயின்ரைற் என்ற நிறுவனம். அது இருந்த இடம் குரொய்டன். இன்றைய டிஜிற்றல் கமராவுக்கோ வேறு தொல்லை. கடும் சிவப்புப் பட்டு அதற்கு நிறைந்து வழிந்துவிடும். மடிப்பும் நெசவும் அழிந்து ஒரே செந்நிறத் திட்டாகத் தெரியும். பளிச்சென்ற பச்சையும் மின்னும் ரோசாவும் தங்கள் நிறத்தைத் தாடைக்குக் கீழே எறிந்து பிள்ளையின் கழுத்தை நோயாளியின் கழுத்துப் போல ஆக்கிவிடும். நெருக்கமான சிறு கட்டமும் சிறு கோடும் படத்தில் அலையலையாய் நெளியும். சரிகை அகலமாக இருந்தால் விளக்கு வெளிச்சத்தில் அது வெள்ளையாய்த் தெறித்து, முகத்தை விட்டுக் கண்ணை இழுக்கும். ஆகவே அரக்கு, மயில்நீலம், கரும்பச்சை, மாம்பழ மஞ்சள், சந்தனம் போன்ற ஆழ்ந்த அல்லது அடங்கிய நிறங்களைப் பாருங்கள். கரை ஒரு விரல் அகலம் இருந்தால் போதும். எங்கள் பிள்ளைகளின் மண்ணிறத்துக்கு இந்த நிறங்கள் கொடுக்கிற ஒளியை வேறு எதுவும் கொடுக்காது.

அந்த மண்ணிறத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. கொடாக் நிறுவனம் 1950களில் இருந்து அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் இருந்தது வெள்ளைத் தோல் உள்ள ஒரு பெண்ணின் படம். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்தே அச்சிட்டார்கள். கறுத்த முகங்களும் மண்ணிற முகங்களும் பல ஆண்டுகள் நிழலுக்குள் போய்விட்டன. கமராக்கள் இப்போது திருந்தியிருக்கின்றன. நாங்கள் திருந்த வேண்டாமா? கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுங்கோ என்று பிள்ளையின் முன்னாலேயே கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறது. தயவுசெய்து கேட்காதீர்கள். வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளை உடுப்போடு நிறுத்தினால், கமரா தானாகக் கணக்கிடும்போது முகம் இருண்டுவிடும். அது கமரா செய்கிற கணக்கின் பிழை, பிள்ளையின் நிறத்தின் பிழை இல்லை. வெள்ளை வேட்டிதான் உடுத்த வேண்டுமென்றால் பின்னணியைக் கொஞ்சம் ஆழமாக்கச் சொல்லுங்கள். கன்னத்தில் அப்பம்மா வைத்துவிட்ட கறுத்தப் பொட்டையும் கணினியில் அழிக்கச் சொல்ல வேண்டாம். அது அவர் கையின் அடையாளம்.

பட்டு என்றால் புதுசு வேண்டியதில்லை. அம்மம்மாவின் பழைய சேலை இருந்தால், கிழியாத பகுதியில் ஒரு பாவாடை சட்டை வெட்டித் தையுங்கள். தைக்கத் தெரியாதவர்களுக்கு எங்கள் பகுதிகளில் தையல் வீடுகள் உண்டு. பல முறை உடுத்த பட்டு மெதுவாகி உடம்போடு விழும், விளக்கில் தெறிக்காது, தோலில் குத்தாது. பாவாடை கணுக்கால் தெரியும் அளவில் நிற்கட்டும். பெடியன்களுக்கு ஒட்டிக் கட்டும் வேட்டி நல்லதுதான். மேலே பருத்திச் சேட், கழுத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. குழந்தைக்குப் பஞ்சாயுதமும் அரைஞாணும் இருந்தால் அதற்கு மேல் நகை எதற்கு?

சகோதரங்களுக்கு ஒரே மாதிரி உடுத்துவது பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். சின்ன வயதில் எலிசபெத் இளவரசியையும் தங்கை மார்கரெட்டையும் அப்படித்தான் உடுத்தினார்கள், நாலு வயது வித்தியாசம் இருந்தும். எனக்கு அது அவ்வளவு உவப்பில்லை. ஒரே நிறக் குடும்பத்துக்குள் ஆளுக்கொரு உடுப்பாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே தெரியும். ஒரே துணியில் வீட்டில் தைத்தது என்றால் என் வாயை மூடிக்கொள்வேன்.

வெளியே எடுக்க விரும்புகிறவர்கள் லண்டன் வெயிலை நம்பி வராதீர்கள். டிசெம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். இல்போர்ட் வலன்ரைன்ஸ் பார்க்கிலோ றிச்மண்ட் பார்க்கிலோ இலையுதிர் காலத்தில் பட்டுப்பாவாடையோடு நிற்கிற பிள்ளைக்கு உள்ளே மெல்லிய குளிர்ச்சட்டை ஒன்றும் காலில் பழகிய சப்பாத்தும் வேண்டும். நடுங்குகிற பிள்ளையின் தோள் காதுவரை ஏறிவிடும். எந்தப் பட்டும் அதை மறைக்காது. குளிரங்கியே உடுப்பாக இருந்தாலும் குறையில்லை, பிள்ளைக்குப் பிடித்ததாக இருந்தால்.

சில பிள்ளைகளால் விறைத்த கழுத்தையும் உள்ளே உறுத்தும் அடையாளத் துண்டையும் தாங்கவே முடியாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார் இதைச் சொல்லத் தயங்கி, படமே வேண்டாம் என்று இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாய்மாரிடம் தனியாகச் சொல்கிறேன்: தினமும் போடுகிற, பலமுறை தோய்த்து மெதுவான அந்த ரீசேட்டோடு கூட்டிவாருங்கள். அதுவே உருவப்பட உடுப்பு. மற்றவர்களுக்கும் இதுதான். பள்ளிச் சீருடையில் ஒரு படம், நடன வகுப்புப் பயிற்சிச் சேலையில் ஒரு படம், கிரிக்கெட் உடுப்பில் ஒரு படம் என்று கேட்டு வருகிற பிள்ளைகள் கமராவுக்கு முன் நிற்கிற விதமே வேறு. நாலு வயதுக்கு மேலென்றால் இரண்டு உடுப்பை முன்னால் வைத்து, எது வேண்டும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டும் உங்களுக்குச் சம்மதமானதாக இருக்கட்டும்; தேர்வு பிள்ளையுடையதாக இருக்கட்டும். படத்துக்கு முந்திய வாரம் வீட்டில் அதைப் போட்டு ஓடி விளையாட விடுங்கள். எங்கே குத்துகிறது, எங்கே வழுக்குகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கொஞ்சம் கசங்கினால் கவலை வேண்டாம். ஸ்ரூடியோவில் அயன்பெட்டி இருக்கிறது.

இன்னொரு வேண்டுகோள். வட்ஸ்அப்பில் அனுப்பியதோடு விட்டுவிடாமல், படத்தை நல்ல தாளில் அச்சிட்டு, உறவினர் வீடுகள் இரண்டு மூன்றுக்கு ஒவ்வொரு பிரதி கொடுத்து வையுங்கள். எங்கள் பழைய படங்கள் தப்பியது அப்படித்தான் என்பதை மறக்க வேண்டாம். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் பிள்ளையின் பெயர், திகதி, இடம், உடுப்பை யார் தைத்தது அல்லது யார் தந்தது என்று தமிழில் எழுதுங்கள். எழுதப் பழகிய பிள்ளை என்றால் அதன் கையாலேயே எழுதுவியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் படப்பிடிப்பாளர்,
லண்டன்